பிரிக்பீல்ட்ஸ் முனுசாமிகள்

நல்லெண்ணெயும் வியர்வையும் கலந்த ஒரு வாடை காலை ஆறரை மணிக்கெல்லாம் எங்கள் சந்துக்குள் நுழைந்துவிடும். அதற்குச் சற்று நேரம் கழித்துப் பயில்வான் முனுசாமி நுழைவார். 1930களின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த யாருக்கும் அந்த வாடை மறந்திருக்காது. உடம்பு முழுக்க எண்ணெய் வழிய, இடுப்பில் ஒரு சிவப்பு லங்கோடும் தோளில் ஒரு துண்டுமாகப் பொதுக் குழாயடிக்கு வரும் அந்த மனிதர், அங்கே குடத்தோடு நிற்கும் பெண்கள் எல்லாரும் தம் தொடையைத்தான் பார்க்கிறார்கள் என்று மனதார நம்பினார். பெண்கள் பார்த்தது குழாயை. அவர் குளிக்க உட்கார்ந்துவிட்டால் அரை மணி நேரத்துக்கு ஒருவர் குடமும் நிறையாது.

கிள்ளானில் ஒரு பஞ்சாபிக் காவல்காரரை மூன்றே நிமிடத்தில் மண்ணைக் கவ்வ வைத்தவர் என்பது அவருடைய புகழ். அந்தப் பஞ்சாபி காய்ச்சலில் கிடந்து எழுந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது என்று கிள்ளானிலிருந்து வந்தவர்கள் சொன்னதை இங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்மைவிட ஒரு விரற்கடை உயரமானவரோடு அவர் மோதி நான் பார்த்ததே கிடையாது. ஒரு தடவை பால்காரர் வீட்டு எருமை அறுத்துக்கொண்டு ஓடி வந்தபோது, எங்கள் வீரர் கோழிக்கூண்டின் மேல் ஏறி நின்றுகொண்டு, எருமையைப் பிடிக்கச் சொல்லிச் சின்னப் பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டார்.

இவர் ஒருவர் மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டு போயிருக்கலாம். எங்கள் வட்டாரத்தில் பெயர் பெற்ற முனுசாமிகள் நால்வர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு துறையில் சிகரம் என்று ஊர் சொல்லிக்கொண்டது. நால்வரையும் பிரித்துச் சொல்வதற்காக அவரவர் தொழிலைப் பெயருக்கு முன்னால் ஒட்டி வைத்துக்கொண்டது. பயில்வான் முனுசாமிக்கு அடுத்தவர் ‘ராஜபார்ட்’ முனுசாமி. ஊரிலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கு வந்த ஒரு நாடகக் கம்பெனி நொடித்துப் போனபோது, கையில் ஒரு ஜிகினாக் கிரீடத்தோடு ரயிலேறி இங்கே வந்து இறங்கியவர். மேடையில் செத்துப்போவதற்கே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். குத்துப்பட்ட பிறகு மூன்று பாட்டு உண்டு. மேடைக்குக் கீழேயும் அரசர்தான். தெருவில் நடக்கும்போது பின்னால் யாரோ அங்கவஸ்திரத்தைத் தாங்கி வருவதுபோல் நடப்பார், பீடிக்கு மட்டும் எவரிடமும் கை நீட்டுவார்.

மூன்றாமவர் ‘கண்ட்ராக்டர்’ முனுசாமி. ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தே மோட்டார் வாங்கியவர். ஆளே இல்லாத சாலையிலும் ஹாரனை அழுத்திக்கொண்டு போவார். எங்கள் கோயிலுக்கு ஒரு மணி செய்து கொடுத்தார். அதில் அம்மன் பெயரைச் சுண்டுவிரல் அளவிலும் தம் பெயரைக் கட்டைவிரல் அளவிலும் பொறித்திருந்தார். மணியைத் தட்டும்போதெல்லாம் யாருக்குப் பூசை நடக்கிறது என்று அம்மனுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

நான்காமவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் ‘டிரஸ்ஸர்’ முனுசாமி. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் மருந்து கலந்து கொடுப்பதும் வேலை. ஆனால் மாலையில் டை கட்டிக்கொண்டு, மார்பு பார்க்கும் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் எங்கள் லயத்தைச் சுற்றி வருவார். அந்தக் குழாயை அவர் யார் மார்பிலும் வைத்து நான் பார்த்ததில்லை. தலைவலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் பேய் பிடித்ததற்கும் ஒரே சிவப்புத் தண்ணீர்தான். ‘மிக்ஸர்’ என்று பெயர். நோயாளிகளை வாசலிலேயே நிறுத்தி, இரண்டு முழம் தள்ளி நின்று, நாக்கை நீட்டச் சொல்லி மிரட்டுவார். என் தம்பி மாந்தத்தில் சாகக் கிடந்தபோதும் அதே சிவப்புத் தண்ணீரைத்தான் கொடுத்தார். மறுநாள், பிள்ளை போன பிறகு வந்து, நேரத்தோடு சொல்லவில்லை என்று அம்மாவையே திட்டிவிட்டுப் போனார். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். இங்கே ரயில்வே கோட்டர்ஸ் பக்கம் தனியாக ஒரு பலகை வீடு, வாசலில் இங்கிலீஷில் பெயர்ப்பலகை.

ஐந்தாவதாக ஒரு முனுசாமியும் இருந்தார். அவரை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை. ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிக் கொட்டும் ஷெட்டில் வேலை. மாலையில் வீட்டுக்கு வரும்போது கண்ணின் வெள்ளையும் பல்லும்தான் தெரியும். அவர் என் அப்பா.

அந்த நால்வரைக் கண்டால் அப்பாவுக்கு வந்த பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. அவர்களுடைய பெயரும் தம்முடைய பெயரும் ஒன்று என்பதை அவர் ஏதோ சொந்தபந்தம்போல் கொண்டாடினார். “நம்ம பேர்க்காரரு” என்றுதான் நால்வரையும் சொல்வார். பயில்வான் ஜெயித்தால் வீட்டில் வெல்லம் வாங்கிக் கொடுப்பார். ராஜபார்ட் மேடையில் செத்தால் உண்மையிலேயே கண்ணைத் துடைத்துக்கொள்வார். கண்ட்ராக்டரின் மோட்டார் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போனால், புழுதிக்குள் நின்று கும்பிடு போடுவார். தம்பி போன பிறகும் டிரஸ்ஸருக்குக் கும்பிடு நிற்கவில்லை. “இந்தப் பேரு ராசியான பேரு புள்ள. வச்சவனெல்லாம் மேல வந்துட்டான் பாரு,” என்பார் அம்மாவிடம். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, “நீங்க எப்ப வரப்போறீங்க?” என்று கேட்பாள். அப்பா சிரிப்பார்.

நால்வருக்கும் தங்களுக்குள் ஆகாது. ‘முனுசாமி, பிரிக்பீல்ட்ஸ்’ என்று மட்டும் எழுதி வரும் தபால் யார் கைக்குப் போக வேண்டும் என்பதில் தொடங்கிய தகராறு, தொழில் பெயரை ஒட்டாமல் வெறும் முனுசாமி என்று அழைக்கப்படும் உரிமை யாருக்கு என்பதில் வந்து நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்து முனைத் தேத்தண்ணிக் கடையில் நால்வரும் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார்கள். லயத்து ஆட்கள் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். நானும் அப்பாவோடு போயிருந்தேன். கோயில் மணியிலேயே தம் பெயர் இருப்பதால் உரிமை தமக்கே என்றார் கண்ட்ராக்டர். கவர்ன்மெண்ட் ரிஜிஸ்தரில் தம் பெயர் இருப்பதாகச் சொன்னார் டிரஸ்ஸர். ராஜபார்ட் ஒரு விருத்தம் பாடினார். பயில்வான் மேசையைக் குத்தினார். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை, கையைத்தான் உதறிக்கொண்டார்.

அப்போது கடைக்காரர் விளையாட்டாக, “இந்தா, இங்கயும் ஒரு முனுசாமி நிக்கிறாரே, அவரையும் ஒரு வார்த்தை கேளுங்க,” என்று அப்பாவைக் காட்டினார். நால்வரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பஞ்சாயத்திலேயே அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம், அந்தச் சிரிப்பு. கண்ட்ராக்டர் சிரித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, “பேரு வச்சிக்கிறதுக்கும் ஒரு தகுதி வேணும்’பா,” என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எல்லாரோடும் சேர்ந்து அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீடு வரும் வரை அவர் விரலைப் பிடிக்காமல் தள்ளியே நடந்து வந்தேன். எட்டு வயதில் எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்று பாருங்கள்: சிரித்த நால்வர் மேல் வரவில்லை.

மறு வருஷம் என்னை மிஷன் பெண்கள் பள்ளியில் சேர்த்தார்கள். லயத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எனக்குப் படிப்பு நன்றாக வருகிறது என்று பிடிவாதமாகச் சொல்லி, ஒரு கடிதம் எழுதிக்கொண்டு, அவரே கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்கு வெட்கம், இருவரும் வரவில்லை. பதிவேட்டில் ‘கமலம், முனுசாமியின் மகள், பிரிக்பீல்ட்ஸ்’ என்று ஏறியது. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயரா இருக்கிறது? அப்பன் பெயர் ஒன்றுதான் அடையாளம். அது எந்த அப்பன் என்பதைப் பதிவேடு சொல்லாது.

முதல் நாள் வகுப்பில் ஞானம் டீச்சர் பதிவேட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். தினமும் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து போகும் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்மணி. எங்கள் ஊர் மனிதர்களை அவருக்குக் காதால் கேட்ட பழக்கம்தான். “முனுசாமியா? டிரஸ்ஸர் முனுசாமியோட மகளா நீ? அவர் குடும்பம் ஊரிலிருந்து வந்தாச்சா?” என்று கேட்டார். வகுப்பில் பெரும்பாலும், ஆபீஸில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணிமார் வீட்டுப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும். காலில் சப்பாத்து, தலையில் ரிப்பன். என் காலில் அம்மா தேய்த்துக் கழுவியும் போகாத கரி விரலிடுக்கில் இருந்தது. கரி ஷெட்டு லயத்துப் பிள்ளை என்று தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குள் ஒரு பயம். அப்படி யாரும் சொன்னதில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். “ஆமாம் டீச்சர்,” என்றேன்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு முதல் பெஞ்சு கிடைத்தது. பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண், “உம்மட அப்பா டொக்டரோ?” என்று கேட்டுவிட்டுத் தன் பலகாரத்தில் பாதியைக் கொடுத்தாள். டாக்டர் மாதிரிதான் என்று சொல்லிவிட்டு, அதை வாங்கித் தின்றேன். என் தம்பிக்குச் சிவப்புத் தண்ணீர் கொடுத்த அந்த ஆளை அப்பா என்று சொல்லிவிட்டு, அந்தப் பலகாரம் தொண்டையில் அடைக்காமல் இறங்கியது. அதற்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் அந்தப் பொய்க்கு நான் கையும் காலும் வைத்து வளர்த்தேன். எங்கள் வீட்டில் மேசை நாற்காலி, எங்கள் அப்பாவிடம் சைக்கிள், எங்கள் வீட்டு வாசலில் இங்கிலீஷ் பெயர்ப்பலகை. பயில்வானும் ராஜபார்ட்டும் சேர்ந்து விட்ட ரீல்கூட என் ரீலுக்கு முன்னால் நிற்காது. ஒரு பயம் மட்டும் இருந்தது. அப்பா எந்த நாளும் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்துவிடக் கூடாது; வந்தால் முதல் பெஞ்சும் போகும், பள்ளிக்கூடமும் போகும்.

வருஷக் கடைசி மழை. பகல் இரண்டு மணிக்கே இருட்டிக்கொண்டு பெய்தது. கிள்ளான் ஆறு கரை ஏறுகிறது என்று யாரோ சொல்ல, பள்ளிக்கூடத்தை முன்னதாகவே விட்டார்கள். யாராவது வந்து கூட்டிக்கொண்டு போனால்தான் பிள்ளைகளை வெளியே விடுவது என்று உத்தரவு. ரிக்ஷாக்களும் குடைகளும் வந்துகொண்டிருந்தன. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் வராந்தாவில் வரிசையாக நின்றோம். கேட்டைத் தாண்டி, தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு ஓர் ஆள் ஓடிவந்தார். மழையில் கரைந்த கரி மார்பில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஷெட்டிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு அப்படியே ஓடி வந்திருக்கிறார்.

“கமலத்தைக் கூட்டிட்டுப் போக வந்தேங்கம்மா,” என்றார், வராந்தா ஏறாமல் மழையிலேயே நின்று.

ஞானம் டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “யாரும்மா இது? உங்க வீட்டு வேலைக்காரரா?”

யாழ்ப்பாணத்துப் பெண் என் பக்கத்திலேயே நின்றாள். என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர், “டிரஸ்ஸர் முனுசாமி வீட்டு ஆளா’ப்பா நீ?” என்று அவரிடமே திரும்பிக் கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. கோபமோ வருத்தமோ அந்த முகத்தில் இருந்திருந்தால் இத்தனை வருஷம் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். எதுவும் இல்லை. வழியில் ஒரு குழி இருக்கிறது, பிள்ளை விழாமல் தூக்க வேண்டும் என்பதுபோல ஒரு அவசரம் மட்டும் இருந்தது.

“ஆமாங்கம்மா. டிரஸ்ஸரு ஐயா வீட்டுல வேல செய்றேங்க,” என்றார்.

“பேரென்ன? கூட்டிட்டுப் போறவங்க பேரை எழுதி வைக்கச் சொல்லியிருக்காங்க.”

அப்பா வாயைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார். எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் என்றால் சந்தேகம் வரும் என்று அந்த நொடியில் யோசித்திருக்கிறார். படிக்காத மனிதருக்கு அது தோன்றியது. படிக்கப் போன எனக்குத் தோன்றவில்லை. “சடையங்கம்மா,” என்றார். அவரோடு ஷெட்டில் கரி அள்ளும் ஒருவருடைய பெயர் அது. டீச்சர் எழுதிக்கொண்டார்.

சாக்கை என் தலையில் போட்டுவிட்டு முன்னால் நடக்கச் சொன்னார். கேட்டைத் தாண்டியதும், “பையக் குடு’ம்மா. வேலக்காரன்னா பை தூக்கணும்ல,” என்று வாங்கிக்கொண்டார். ரயில் பாதைப் பக்கம் வந்ததும், “டிரஸ்ஸரு வீடுன்னு ஏன் சொன்ன? கண்ட்ராக்டருன்னு சொல்லியிருந்தா மோட்டார்ல வந்திருக்கலாம்ல?” என்று கேட்டுச் சிரித்தார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டார். நான் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பிடிபடாமல் தப்பித்தேன் என்ற சந்தோஷம்தான் அப்போது எனக்கு இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

அம்மாவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மழை நாள் எல்லாம் அவரே வந்தார். நான் அந்தப் பள்ளியில் இருந்த மிச்ச வருஷங்கள் முழுக்கச் சடையனாகவே வந்தார். டீச்சர் “சடையா” என்று கூப்பிட்டால், ஒரு தடவைகூடத் தாமதிக்காமல் திரும்பிப் பார்ப்பார். பையோடு பத்து அடி பின்னால் நடந்து வருவார். லயத்துக்குள் நுழைந்த பிறகுதான் பக்கத்தில் வருவார். வீட்டில் ‘நம்ம பேர்க்காரரு’ என்ற பேச்சு மெல்ல நின்றுபோனது. பயில்வான் ஜெயித்ததாக யாரோ வந்து சொன்னால், “அப்படியா,” என்று கேட்டுக்கொண்டு கையைக் கழுவப் போய்விடுவார். அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான். தகுதி வேண்டும் என்று ஒருவன் சிரித்தபோதுகூட அதை விடாமல் வைத்திருந்தார்.

நால்வரும் அந்தப் பெயருக்காகக் கடைசி வரை அடித்துக்கொண்டார்கள். இன்று பிரிக்பீல்ட்ஸில் அவர்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் கோயில் மணியை இரும்பு பித்தளையோடு கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கட்டைவிரல் எழுத்தோடு சேர்த்து. ராஜபார்ட் ஏதோ தோட்டத்தில் கூத்துக் கற்றுக்கொடுக்கப் போனவர் திரும்பவில்லை. பயில்வான் நீரிழிவில் ஒரு காலை இழந்து கிடந்து செத்தார். டிரஸ்ஸர் வீடு இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். கரி எஞ்சின் போய், ஷெட் போய், லயமும் போய், கண்ணாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. அவற்றின் கீழே நின்று இங்கேதான் எங்கள் வீடு என்று என் பேரனிடம் காட்டினேன். அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். முனுசாமி என்று யாரும் பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் இல்லை.

ஞானம் டீச்சரும் போய்விட்டார். அவரைக் கடைசியாகப் பார்த்தது ஜப்பான் சண்டை முடிந்து சில வருஷம் கழித்து, கிள்ளான் பாசாரில். மீன் வாங்கிக்கொண்டிருந்தவர் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். டிரஸ்ஸரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“உங்க வீட்டுல சடையன்னு ஒருத்தர் இருந்தாரே, எப்படி இருக்கார்? மழைன்னா முதல் ஆளா வந்து நிப்பாரு. பெத்த பிள்ளையக்கூட யாரும் அப்படிப் பாத்துக்க மாட்டாங்க.”

“போன வருஷம் தவறிட்டார் டீச்சர்.”

“ஐயோ பாவமே,” என்று டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவருக்குப் பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?”

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பதிவேட்டில் பிள்ளைகளின் அப்பா பெயரைத் தினமும் என் கையால் எழுதுகிறவள். பயப்பட ஒன்றுமே இல்லை.

“தெரியாது டீச்சர்,” என்றேன்.